96 காட்டுது, ஆனா மூச்சு முட்டுது: நுரையீரலுக்குள்ள ஒரு அலாரம்

இன்னைக்கு எபிசோட் ஒரு வாட்ஸ்அப் ஃபோட்டோவில் இருந்து ஆரம்பிக்குது. போன வருஷம் ஒரு ராத்திரி, பதினோரு மணி இருக்கும். திருச்சியில் இருந்து பெரியம்மா அனுப்பியிருந்தாங்க. பெரியப்பா விரல்ல பல்ஸ் ஆக்சிமீட்டர், திரையில் 96. கீழே ஒரு வாய்ஸ் நோட்: "தம்பி, பெரியப்பாவுக்குப் படுத்தா மூச்சு முட்டுதாம். எந்திரிச்சு உக்காந்தா பரவாயில்லைங்கறாரு. இதுல 96 காட்டுது. நல்லதுதானேப்பா?"

கோவிட் நேரத்துல நம்ம எல்லாருமே அரை டாக்டர் ஆனவங்கதானே. 94க்கு மேல இருந்தா பயமில்லைன்னு மனசுல பதிஞ்சு போச்சு. நானும் யோசிக்காம பதில் போட்டேன்: "96 நார்மல்தான் பெரியம்மா. கேஸா இருக்கும். ஓம வாட்டர் குடுத்துப் பாருங்க."

மூணாவது நாள் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எக்ஸ்-ரே, எக்கோ எல்லாம் பார்த்துட்டு டாக்டர் சொன்னது: "ஹார்ட் பம்பிங் கம்மியா இருக்கு. நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிட்டிருக்கு. மூச்சு முட்டுதுன்னு சொன்ன அன்னைக்கே வந்திருக்கலாமே?" பெரியப்பா என்னைக் காட்டிக் கொடுக்கலை. அவர் இப்போ நல்லா இருக்கார், அதைப் பிறகு சொல்றேன்.

அந்த ராத்திரி ஆக்சிமீட்டர் பொய் சொல்லலை. பெரியப்பாவும் பொய் சொல்லலை. ரத்தத்தில் ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தது. அவருக்கு மூச்சும் முட்டியது. ரெண்டும் ஒரே நேரத்துல எப்படி உண்மையா இருக்க முடியும்? அப்போ "மூச்சு முட்டுது"ன்னு மூளைக்குச் சொன்னது யார்? இதைத் தேடிப் போய்த்தான் நான் ஜே ரிசெப்டர்கள் பற்றிப் படிச்சேன். நான் டாக்டர் இல்லை, கோடு எழுதுறவன். அந்த அளவுக்கு வச்சுக் கேளுங்க.

முதல்ல ஒரு சின்ன சோதனை. இதயம், நுரையீரல் பிரச்சனை எதுவும் இல்லாதவங்க மட்டும், உட்கார்ந்துகிட்டே, மூச்சை நல்லா இழுத்து அப்படியே பிடிச்சு வைங்க. முப்பது நாற்பது விநாடியில் "விடு, விடு"ன்னு உள்ளே ஒரு தவிப்பு வரும். அந்த நேரத்துல விரலில் ஆக்சிமீட்டர் மாட்டியிருந்தா, எண் பெரும்பாலும் அசைஞ்சிருக்காது. அதாவது, தவிப்பும் ஆக்சிஜன் எண்ணும் ஒரே வயரில் வர்ற சிக்னல் இல்லை.

அந்தத் தவிப்புக்கு ஒரு காரணம், ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறுறது. ஆனா அது மட்டும் இல்லை. 1954இல் ஃபௌலர் என்ற ஆய்வாளர் ஒரு அழகான சோதனை செய்தார். இனி முடியாது என்ற கட்டம் வரை மூச்சைப் பிடித்தவர்களுக்கு, நல்ல காற்றுக்குப் பதிலா ஆக்சிஜன் குறைவாகவும் கார்பன் டை ஆக்சைடு அதிகமாகவும் உள்ள கலவையைச் சுவாசிக்கக் கொடுத்தார். ரத்தத்தில் எதுவும் சரியாகவில்லை. ஆனாலும் சில தடவை மூச்சு இழுத்து விட்டதுமே அவர்களுக்கு ஆசுவாசம் கிடைத்தது, மறுபடியும் மூச்சைப் பிடிக்க முடிந்தது. நெஞ்சும் நுரையீரலும் அசைஞ்சாலே மூளைக்கு ஒரு தகவல் போகுது. மூச்சு என்பது ரத்தத்தின் வாயு அளவை மட்டும் பார்த்து ஓடுற ஒரு லூப் இல்லை.

நுரையீரலில் இருந்து மூளைக்குப் போகிற அந்தத் தகவல் பெரும்பாலும் வேகஸ் என்ற நரம்பு வழியாகப் போகுது. மூளையின் அடியில் இருந்து கழுத்து வழியா இறங்கி இதயம், நுரையீரல், வயிறு வரை நீளும் நரம்பு. மூளை உறுப்புகளுக்கு ஆர்டர் போடுற கேபிள் என்றுதான் நான் நினைச்சிருந்தேன். உண்மையில் அதில் உள்ள இழைகளில் பெரும்பான்மை உறுப்புகளில் இருந்து மூளைக்குச் செய்தி கொண்டு போறவை.

நுரையீரலில் இருந்து கிளம்பும் இழைகள் மோட்டாமோட்டா மூணு வகை. முதல் வகை, நுரையீரல் எவ்வளவு விரிஞ்சிருக்கு என்று அளப்பது. விரிவு அதிகமானா "போதும், இழுத்தது நிறுத்து"ன்னு சொல்லும். இதை 1868இல் வியன்னாவில் ஹெரிங், ப்ராய்யர் ரெண்டு பேரும் கண்டுபிடிச்சாங்க. (அந்த ப்ராய்யர்தான் பின்னாடி ஃப்ராய்டோட சேர்ந்து மனநோய் பற்றிப் புத்தகம் எழுதியவர். ஒரே ஆள்தான்னு தெரிஞ்சப்போ எனக்கும் ஆச்சரியம்.) ரெண்டாவது வகை, புகை, தூசு மாதிரி எரிச்சல் தருபவற்றுக்கு அலறுவது. மூணாவது வகைதான் நம்ம கதாநாயகன். அதைக் கண்டுபிடிச்சவர் ஒரு இந்தியர்.

அவதார் சிங் பெயின்டல். 1925இல் பர்மாவில் பிறந்தார். லக்னோவில் மருத்துவம் படிச்சுட்டு, எடின்பரோவில் ஆராய்ச்சி செய்தார். வேகஸ் நரம்பில் ஆயிரக்கணக்கான இழைகள் ஒண்ணா இருக்கும். அதை மைக்ரோஸ்கோப்பில் வைத்து, கூந்தலில் இருந்து ஒத்தை முடியைப் பிரிக்கிற மாதிரி, ஒரே ஒரு இழையைப் பிரித்தெடுத்து, அதில் ஓடும் மின்துடிப்பை மட்டும் பதிவு செய்வது அவருடைய வேலை. பூனைகளில் செய்தார். ஆயிரக்கணக்கான சர்வீஸ் ஒரே ஃபைலில் லாக் எழுதிக்கிட்டிருக்கும்போது ஒரே ஒரு சர்வீஸின் லாக்கைத் தனியா எடுத்துப் படிக்கிறதை நினைச்சுக்கோங்க. அதுவும் 1950களின் கருவிகளோட.

1955இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். நுரையீரலில் இருந்து வரும் சில மெல்லிய இழைகள் வழக்கமா கிட்டத்தட்ட அமைதியாவே இருக்கு. ஃபினைல் டைகுவனைடு என்ற ரசாயனத்தை ரத்தத்தில் செலுத்தினா உடனே துடிக்குது. உருளைக்கிழங்கு மாவுத் துகள்களைச் செலுத்தினாலும், நிகோட்டின் செலுத்தினாலும் துடிக்குது. நுரையீரலை அழுத்திச் சுருங்க வைத்தாலும் துடிக்குது. அதனால் அப்போதைக்கு அவற்றுக்கு "சுருக்க உணர்விகள்" என்று பெயர் வைத்தார்.

பெயர் வச்சாச்சு, கட்டுரையும் வந்தாச்சு. ஆனா அவர் அதோட விடலை. நுரையீரல் சுருங்குவதைச் சொல்லத்தான் இந்த இழைகள் இருக்கா? இயல்பான வாழ்க்கையில் எது அவற்றைத் தூண்டும்? அப்புறம் டெல்லி வல்லபாய் படேல் செஸ்ட் இன்ஸ்டிடியூட்டில் வேலை செய்தபோது, 1969இல் பதிலோட வந்தார். நுரையீரலில் ரத்தம் தேங்கும்படி செய்தபோதும், நுரையீரல் திசுவில் நீர் கசியும்படி செய்தபோதும் இந்த இழைகள் துடிச்சன. ஆக, இவை அளப்பது சுருக்கத்தை அல்ல. ரத்தத் தந்துகிகளைச் சுற்றியுள்ள இடைவெளியில் நீர் கூடுவதை. பழைய பெயரை அவரே தூக்கிட்டு, தந்துகிக்கு ஒட்டியவை என்ற பொருளில் புதுப் பெயர் வைத்தார். அருகில் என்று பொருள்படும் 'ஜக்ஸ்டா' என்ற லத்தீன் சொல்லின் முதல் எழுத்துதான் அந்த 'ஜே'. தான் வச்ச பெயர் தப்புன்னு தானே கட்டுரை எழுதுறவங்க எத்தனை பேர்? நம்ம கோட்பேஸில் ஒரு வேரியபிள் பெயரை மாத்தவே எவ்வளவு தயங்குறோம். இவர் 1981இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ ஆனார், பிறகு ஐ.சி.எம்.ஆர். தலைவராகவும் இருந்தார். அறிவியலில் நேர்மைக்காக 1986இல் ஒரு சங்கம் தொடங்கியதிலும் முன்னணியில் இருந்தவர் இவர்தான். எனக்கு அது பொருத்தமாகவே பட்டது.

சரி, அந்த இடைவெளிக்கு வருவோம். விஷயமே அங்கேதான் இருக்கு.

நுரையீரலில் கோடிக்கணக்கான குட்டிக் காற்றறைகள் இருக்கு. ஒவ்வொண்ணையும் தந்துகிகள் வலை மாதிரி சுத்தியிருக்கு. காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் உள்ள சுவர், மெலிசான இடங்களில், ஒரு மைக்ரானை விடக் குறைவு. ஆக்சிஜன் அதைத் தாண்டித்தான் ரத்தத்துக்குள் போகணும். இவ்வளவு மெலிசான சுவர் வழியா ரத்தத்தில் இருந்து கொஞ்சம் நீர் எப்பவுமே கசியும். ஆரோக்கியமானவங்களுக்கும் கசியும். அந்த நீர் காற்றறைக்குள் போகாம, பக்கத்துத் திசு இடைவெளிக்குப் போகும்; அங்கிருந்து நிணநீர்க் குழாய்கள் அதை வடிச்சுக்கொண்டு போயிடும். மாடியில் மழைத் தண்ணி விழுந்துகிட்டே இருக்கும், வடிகால் குழாய் இழுத்துக்கிட்டே இருக்கும், அந்த மாதிரி.

இப்போ இதயத்தின் இடது பக்கம் பலவீனமா இருக்குன்னு வைங்க. நுரையீரலில் இருந்து வர்ற ரத்தத்தை அது முழுசா முன்னாடி தள்ள முடியலை. பின்னாடி தேங்குது. தந்துகிகளில் அழுத்தம் ஏறுது. கசிவு கூடுது. வடிகால் ஒரு அளவு வரை சமாளிக்கும், அப்புறம் முடியாது. முதலில் நீர் சேர்வது திசு இடைவெளியில். காற்றறைகள் இன்னும் உலர்ந்துதான் இருக்கு, ஆக்சிஜன் போய்க்கிட்டுதான் இருக்கு. ஆக்சிமீட்டர் 96 காட்டும். ஆனா ஜே ரிசெப்டர்கள் உட்கார்ந்திருப்பது அந்த இடைவெளியிலேதான். மாடி ஊறி, வீட்டுக்குள்ள ஒழுகுறதுக்கு முன்னாடியே அவை மணி அடிக்க ஆரம்பிச்சிடும்.

இன்னும் நீர் சேர்ந்தா காற்றறைகளுக்குள்ளேயே நிரம்பும். ஆக்சிமீட்டர் எண் விழுறது பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான். நான் ஓம வாட்டர் சொன்னது அதுக்கு முந்தின கட்டத்தில்.

மணி அடிச்சா உடம்பு என்ன செய்யும்? விலங்குகளில் ஒரே நேரத்தில் பலமா தூண்டினா, முதலில் மூச்சு சில விநாடி நின்னு போகும், பிறகு வேகமான, ஆழமில்லாத மூச்சு தொடங்கும். இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்கும். ரெண்டு பக்க வேகஸ் நரம்பையும் வெட்டிட்டா இந்த எதிர்வினை போயிடும். நோயாளியிடம் நீர் மெதுவாகச் சேருவதால் அந்த நாடகத்தனமான நிறுத்தம் தெரியாது. நாம பார்ப்பது வேகமான, மேலோட்டமான மூச்சை. பெரியப்பா அப்படித்தான் மூச்சு விட்டுக்கிட்டிருந்தாராம். நாய் இளைக்கிற மாதிரின்னு பெரியம்மா சொன்னாங்க. அதனால்தான் இந்தக் கட்டத்தில் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறுவதற்குப் பதில் பல நேரம் குறைஞ்சே இருக்கும். தேவைக்கு மேலேயே மூச்சு விடுறாங்க.

ஏன் ஆழமில்லாத மூச்சு? நீர் ஊறிய நுரையீரல் விறைச்சுப் போகும். ஈர ஸ்பாஞ்சை விரிக்கிற மாதிரி, ஆழமா இழுக்க நிறைய உழைப்பு வேணும். சின்னச் சின்ன மூச்சா விடுறது மலிவு. இது ஒரு விளக்கம்தான், ஆனா நியாயமான விளக்கம்.

இந்த இழைகளுக்கு மயலின் உறை கிடையாது. அதனால் செய்தி விநாடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர் வேகத்தில்தான் போகும், நாம மெதுவா நடக்கிற வேகம். விரிவை அளக்கும் முதல் வகை இழைகள் இதை விடப் பத்து மடங்குக்கும் மேல வேகமானவை. ஒவ்வொரு மூச்சையும் கட்டுப்படுத்த அந்த வேகம் வேணும். நீர் சேர்வது மணிக்கணக்கில், நாள்கணக்கில் நடக்கிற விஷயம். நுரையீரலில் இருந்து மூளை போக அரை விநாடி ஆனா என்ன, ஒண்ணும் குடி முழுகாது.

பூனைக்கு மூச்சு வேகமாச்சு, சரி. ஆனா "மூச்சு முட்டுது" என்ற அந்த உணர்வு? பூனையிடம் கேட்க முடியாதே. இதுக்குப் பெயின்டலும், அவரோட வேலை செய்த ஆஷிமா ஆனந்தும் மனிதர்களிடம் லோபிலின் என்ற மருந்தைப் பயன்படுத்தினார்கள். ரத்தக் குழாயில் சின்ன அளவு செலுத்தினா அது நுரையீரலை அடைந்து இந்த இழைகளைத் தூண்டும். தன்னார்வலர்கள் சொன்னது: தொண்டையிலும் நெஞ்சின் மேற்பகுதியிலும் ஒரு அடைப்பு, அழுத்தம், கூடவே வறட்டு இருமல். ஆக்சிஜன் குறையலை, நீரும் கோக்கலை. நரம்பு மட்டும் தூண்டப்பட்டது. உணர்வு வந்துடுச்சு.

ஒரு நேர்மையான அடிக்குறிப்பு. மூச்சு முட்டலுக்கு ஜே ரிசெப்டர்தான் ஒரே காரணம் என்று யாரும் சொல்றதில்லை. விறைச்ச நுரையீரலை இழுக்கப் பாடுபடும் நெஞ்சுத் தசைகள், ரத்த வாயுவை அளக்கும் கழுத்து உணர்விகள், பயம் எல்லாமே சேர்ந்துதான் அந்த உணர்வு. இதில் ஜே ரிசெப்டரின் பங்கு எவ்வளவு என்பதில் இன்னும் விவாதம் இருக்கு. பெயின்டல் இன்னொன்றும் சொன்னார்: கடுமையா ஓடும்போது நுரையீரல் தந்துகிகளில் அழுத்தம் ஏறும், அப்போ இந்த இழைகள் கை கால் தசைகளைத் தளரச் செய்து "போதும், நில்லு" என்று சொல்லும் என்று. பூனைகளில் தசை தளர்வது பதிவாகியிருக்கு. மனிதர்களில் அது அவ்வளவு தெளிவா நிரூபணமாகலை. எனக்கு அந்த யோசனை ரொம்பப் பிடிச்சிருக்கு, ஆனா பிடிச்சிருக்கு என்பதற்காக உண்மைன்னு சொல்ல முடியாது.

இப்போ உங்களில் பாதிப் பேர் கேட்பீங்க, இதெல்லாம் பெரியவங்க பிரச்சனை, நமக்கென்ன என்று. லே ட்ரிப் பிளான் பண்றவங்க கொஞ்சம் நில்லுங்க.

லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கு. டெல்லியில் ஃப்ளைட் ஏறினா ஒன்றரை மணி நேரத்துக்குள்ள அங்கே இறங்கலாம். உடம்புக்கு அந்த உயரம் பழகவே இல்லை. ஆக்சிஜன் குறைவான காற்றில் நுரையீரல் ரத்தக் குழாய்கள் இறுகும், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறுகாது. இறுகாத பகுதிகளுக்கு ரத்தம் பாய்ந்து, அங்கே தந்துகி அழுத்தம் எகிறும், நீர் கசியும். இதயம் நல்லாவே இருக்கும், வயசு இருபத்தஞ்சா இருக்கும், ஜிம் போற ஆளா இருப்பார். 1962 போரில் இமயமலையில் நம்ம ராணுவ வீரர்கள் திடீரென உயரமான இடங்களுக்குக் கொண்டு போகப்பட்டபோது இது பெருமளவில் வந்தது. ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் அவர் குழுவும் இதை 1965இல் லான்செட் இதழில் பதிவு செய்தார்கள். பொதுவா மேலே போய் ரெண்டிலிருந்து நாலு நாளுக்குள் வரும். முதல் அறிகுறிகள் என்ன தெரியுமா? வறட்டு இருமல், வழக்கத்துக்கு மீறின அசதி, கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்குறது. லோபிலின் கொடுத்தவங்க சொன்ன இருமல் ஞாபகம் வருதா?

அதனால்தான் முதல் ரெண்டு நாள் லேயில் சும்மா ஓய்வெடுக்கச் சொல்றாங்க. வறட்டு இருமலோட மூச்சும் வாங்குதுன்னா "குளிர் ஒத்துக்கலை மச்சான்"னு கர்துங்லா நோக்கி பைக்கை எடுக்காதீங்க. கீழே இறங்குறதும் ஆக்சிஜனும்தான் சிகிச்சை.

திரும்பத் திருச்சிக்கு. "படுத்தா முட்டுது, உட்கார்ந்தா பரவாயில்லை" என்பதிலேயே முழு விஷயமும் இருந்தது. நிக்கும்போது கால்களிலும் வயிற்றிலும் தங்கியிருக்கிற ரத்தமும் நீரும், படுத்ததும் நெஞ்சுப் பக்கம் திரும்பி வரும். நல்ல இதயம் அதை அப்படியே தள்ளிவிடும். பலவீனமான இதயத்துக்குப் பின்னாடி அது தேங்கும். எழுந்து உட்கார்ந்தா மறுபடி கீழே இறங்கிடும். அதனால்தான் டாக்டர் முதல் கேள்வியா "எத்தனை தலையணை வச்சுத் தூங்குறீங்க?" என்று கேட்டார். மூணு. ஆறு மாசத்துக்கு முன்னாடி ஒண்ணு. எங்க யாருக்கும் அது ஒரு தகவலாவே தெரியலை. சாயங்காலம் கால் வீங்கும், செருப்பு இறுக்கும். அதையும் நாங்க வயசுன்னு விட்டுட்டோம். நடுராத்திரியில் மூச்சு முட்டி எழுந்து ஜன்னலைத் திறந்து நிப்பார், பெரியம்மா அதை வீசிங்னு நினைச்சாங்க.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிடறேன். "நுரையீரல்ல தண்ணி" என்று நம்ம ஊரில் ரெண்டு வேற வேற விஷயத்துக்குச் சொல்வோம். ஒண்ணு, நுரையீரலுக்கு வெளியே, அதைச் சுற்றியுள்ள உறைகளுக்கு நடுவில் சேரும் நீர். அதை ஊசி போட்டு எடுப்பாங்க. இன்னொண்ணு, இன்னைக்குப் பேசினது, நுரையீரலின் திசுவுக்குள்ளேயே ஊறுவது. அதை ஊசி வச்சு உறிஞ்ச முடியாது. சிறுநீர் அதிகமாகப் போற மருந்து கொடுத்து, இதயத்தின் சுமையைக் குறைச்சுத்தான் வடிக்கணும். "ஏன் டாக்டர் ஊசி போட்டு எடுக்க மாட்டேங்கறீங்க?" என்று எங்க சித்தப்பா வார்டு வாசலில் சண்டைக்கே போயிட்டார், பாவம்.

பெரியப்பா இப்போ தினமும் காலையில் பாத்ரூம் போயிட்டு வந்ததும் எடை பார்த்து, காலண்டர் தாளில் பேனாவால் எழுதுறார். மூணு நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினா ஃபோன் பண்ணச் சொல்லி டாக்டர் சொல்லியிருக்கார். ரெண்டு மூணு நாளில் அவ்வளவு ஏறினா அது கொழுப்பு இல்லை, பெரும்பாலும் நீர். ஊறுகாய் ஜாடி வீட்டை விட்டே போயிடுச்சு, அப்பளத்துக்கு மட்டும் இன்னும் பேச்சுவார்த்தை நடக்குது. ஆக்சிமீட்டர் இப்பவும் அலமாரியில் இருக்கு. ஆனா பெரியம்மா இப்போ அனுப்புற வாய்ஸ் நோட்டில் அந்த எண் வர்றதில்லை. "நேத்து ஒரு தலகாணியோட தூங்கினாரு தம்பி" என்றுதான் ஆரம்பிப்பாங்க.